நடந்து போன அம்மா வார்டிலிருந்து ஏன் நடந்து வரவில்லை?

வெள்ளவத்தை மகள் | ஞாயிறு, இரவு 9.42

அம்மாவுக்கு 79 வயது. மூன்று கிழமைக்கு முன்பு வரை காலை ஆறு மணிக்கு எழுந்து, தானே குளித்து, தொடர்மாடியின் லிஃப்டில் இறங்கி, காலி வீதியைக் கடந்து, பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கையில் ஒரு பிடி கீரையோடு திரும்பி வருபவர். காய்ச்சல் வந்தது. சலத்தில் கிருமி என்றார்கள். கொழும்பிலுள்ள ஒரு வைத்தியசாலையில் சேர்த்தோம்.

சேர்த்த அன்றே, "மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி, பல் எல்லாம் தொலைந்துவிடும், வீட்டுக்குக் கொண்டு போங்கள்" என்றார்கள். நான் மூன்றையும் கைலேஞ்சியில் முடிந்து கொண்டுவந்து அலுமாரியில் பூட்டி வைத்தேன். அந்த முடிச்சை நினைக்கும்போதெல்லாம் இப்போது நெஞ்சு அடைக்கிறது.

மூன்றாம் நாள் இரவு அம்மா கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்திருக்கிறார். இருபது வருடத்துக்கு முன்பு இறந்துபோன பெரிய மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கிணற்றுக்குள் வாளி விழுந்துவிட்டது, எடுத்துக் கொடு என்று கேட்டாராம். விழுந்துவிடுவார் என்று இரண்டு கைகளையும் பண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். மறுநாள் பார்வையாளர் நேரத்தில் போனபோது காப்புக்குக் கீழே மணிக்கட்டில் சிவந்த கோடு. எழுந்து போகக் கூடாது என்று சலக் குழாயும் போட்டிருந்தார்கள்.

காய்ச்சல் நான்காம் நாளே விட்டுவிட்டது. ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டினார்கள். அம்மாவால் எழுந்து நிற்க முடியவில்லை. சிற்றூழியர்கள் இருவர் தூக்கித்தான் சக்கர நாற்காலியில் வைத்தார்கள். என்னைப் பார்த்து, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். அங்கிருந்த இளம் வைத்தியர் நல்ல பிள்ளைதான். "வயது போனால் இப்படித்தான் அக்கா" என்றார்.

இப்படித்தானா? இதை யாராவது ஆராய்ந்து பார்த்திருக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆறுதல் வார்த்தை வேண்டாம், பதில் வேண்டும்.

ஓய்வுபெற்ற தாதி | ஞாயிறு, இரவு 10.30

மகள், இல்லை. வயது போனால் இப்படித்தான் என்பது சரியான பதில் அல்ல. முப்பத்து மூன்று வருடம் வார்டில் நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அந்த இரவு உங்கள் அம்மாவுக்கு வந்தது மறதி நோய் இல்லை. எங்கள் அம்மம்மாமார் அதைச் சன்னி என்பார்கள். வைத்தியர்கள் டெலிரியம் என்பார்கள். திடீரென்று வரும், ஒரே நாளில் கூடும் குறையும், காலையில் தெளிவாகப் பேசுகிறவர் இரவில் ஆளே மாறிவிடுவார். கிருமி, காய்ச்சல், உடம்பில் நீர் வற்றுதல், மலச்சிக்கல், வலி, புதிய மருந்து, தூக்கமின்மை என்று எதுவும் அதைக் கொண்டுவரும். கண்ணாடியும் இல்லாமல், காதும் கேட்காமல், தெரியாத பாஷை பேசும் இடத்தில், இரவு முழுக்க விளக்கு எரியும் வார்டில் படுக்கும் ஒருவருக்கு அது வராவிட்டால்தான் அதிசயம்.

சத்தம் போடுகிறவரையாவது எல்லோரும் பார்ப்பார்கள். இன்னொரு வகை இருக்கிறது: அசையாமல், பேசாமல், சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். "அந்த ஆச்சி தொல்லை இல்லாதவர்" என்று நாங்களே சொல்லுவோம். அவருக்கும் இதே வருத்தம்தான், ஆனால் யாரும் கண்டுபிடிப்பதில்லை.

கை கட்டியது பற்றி. நானும் கட்டியிருக்கிறேன். இரவில் வார்டில் இரண்டு தாதியர், நோயாளிகள் கட்டில் கணக்குக்கு மேலே. ஓர் ஆச்சி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால் விசாரணை எங்கள் மீது வரும், கட்டினால் ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் கட்டினால் பதற்றம் கூடும், சலக் குழாயும் அப்படித்தான். அதைப் பிற்காலத்தில் படித்துத்தான் அறிந்தேன். நான் கட்டிய கைகள் சில இன்னும் நினைவில் இருக்கின்றன.

உங்கள் அம்மா திரும்பி வருவார். சிலருக்குக் கிழமைகள் பிடிக்கும், சிலருக்கு மாதங்கள். முதல் வேலையாக அந்த முடிச்சை அவிழ்த்துக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் பல்லையும் போட்டுவிடுங்கள்.

ஆய்வு மாணவன் | திங்கள், காலை 6.15

அக்கா, நான் பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்புப் படிக்கிறேன், முதியோர் பராமரிப்புத்தான் என் விடயம். நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரடியான பதில் 1999இலேயே வந்துவிட்டது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக வைத்தியசாலையில் ஷரன் இனோய் என்ற வைத்தியரின் குழு, பொது மருத்துவ விடுதிகளில் சேர்ந்த 70 வயதுக்கு மேற்பட்ட 852 பேரை எடுத்துக்கொண்டது. பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பாதிப் பேருக்கு அதனோடு சில எளிய காரியங்கள்: இன்று என்ன நாள், எங்கே இருக்கிறீர்கள் என்று பேச்சுக் கொடுப்பது, கண்ணாடியையும் காதுக் கருவியையும் போட்டுவிடுவது, தண்ணீர் குடிக்க வைப்பது, தினமும் எழுப்பி நடக்க வைப்பது, இரவில் தூக்க மருந்துக்குப் பதிலாகச் சூடான பானமும் முதுகு தடவலும் அமைதியும். டெலிரியம் வந்தவர்கள் வழக்கமான கவனிப்பில் 15 வீதம், மற்றக் குழுவில் 9.9 வீதம்.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. டெலிரியம் ஒருமுறை வந்த பிறகு, அதன் கடுமையிலோ திரும்ப வருவதிலோ இரு குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. வரும் முன் தடுப்பதில்தான் பலன். அப்படியானால் ஒன்பதாம் நாளில் செய்வதை விட, சேர்க்கும் மேசையில் கண்ணாடியைக் கழற்றாமல் விடுவது பெரிய வைத்தியம்.

நடக்க முடியாமல் போனதற்கும் கணக்கு இருக்கிறது. 2007இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நோய் எதுவும் இல்லாத வயதானவர்களைப் பத்து நாள் கட்டிலிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விட்டது. அவர்கள் நன்றாகச் சாப்பிட்ட, காய்ச்சல் இல்லாத மனிதர்கள். உங்கள் அம்மா கிருமியோடும், பல் இல்லாமல் வார்டுச் சோற்றோடும் ஒன்பது நாள் கிடந்திருக்கிறார்.

இன்னும் பின்னால் போகலாம். 1935இல் லண்டனின் வெஸ்ட் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் மார்ஜரி வாரன் என்ற பெண் வைத்தியருக்கு, பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் 700க்கு மேற்பட்ட கட்டில்கள் பொறுப்பாகக் கிடைத்தன. தீராத நோயாளிகள் என்று எழுதி மூடிவிட்ட முதியவர்கள், வருடக்கணக்கில் படுத்த படுக்கை. அவர் ஒவ்வொருவராகப் பரிசோதித்தார், எழுப்பி உட்கார வைத்தார், நடக்கப் பழக்கினார். நிறையப் பேர் வீட்டுக்குப் போனார்கள். படுக்கையில் கிடந்ததற்கு வயது காரணமில்லை, படுக்கையே காரணம் என்று அவர் கண்டதிலிருந்துதான் பிரிட்டனில் முதியோர் மருத்துவம் என்ற துறை வளர்ந்தது.

இன்று அந்த முறைக்கு முழுமையான முதியோர் மதிப்பீடு என்று பெயர். நோய், மருந்து, நடை, நினைவு, மனநிலை, வீட்டு நிலைமை எல்லாவற்றையும் வைத்தியர், தாதி, உடற்பயிற்சி சிகிச்சையாளர், சமூக சேவையாளர் ஒன்றாக இருந்து பார்ப்பது. ஒன்பது நாடுகளின் 29 ஆய்வுகளை, 13,766 நோயாளிகளை ஒன்றுசேர்த்து ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட மீளாய்வு, அப்படிப் பார்க்கப்பட்டவர்கள் பின்னர் தங்கள் சொந்த வீட்டில் உயிரோடு இருப்பதற்கு வாய்ப்புச் சற்றுக் கூடுதல் என்று காட்டியது. இறப்பு வீதம் மாறவில்லை. முதியோர் இல்லத்துக்குப் போனவர்கள் குறைந்தார்கள்.

கொட்டாஞ்சேனை வாசி | திங்கள், பகல் 12.50

தம்பி எழுதியதைப் படித்தேன். உண்மையாக இருக்கலாம். ஆனால் என் அப்பா போன வருடம் வார்டில் முதல் இரண்டு இரவும் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே பாய் போட்டுத்தான் படுத்தார். மூன்றாம் நாள்தான் கட்டில் கிடைத்தது. இங்கே யார் வந்து முதுகு தடவிவிடுவார்கள்? யார் சூடாகப் பால் கொடுப்பார்கள்? இலவச வைத்தியம் இந்த நாட்டில் இருப்பதால்தான் அப்பா உயிரோடு இருக்கிறார், அதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யேலில் நடந்ததை இங்கே கொண்டுவந்து காட்டினால் எங்கள் மனம்தான் நோகும். எங்கள் நிலைமைக்கு ஏற்ற ஆராய்ச்சி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

ஆய்வு மாணவன் | திங்கள், மாலை 7.20

அண்ணா, இருக்கிறது. வார்டில் நடந்தது இல்லை, வீட்டில் நடந்தது.

இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய மூன்று நாடுகளிலும் 30 கிராமத் தொகுதிகளில், உயர் இரத்த அழுத்தம் உள்ள 40 வயதுக்கு மேற்பட்ட 2,645 பேரோடு நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. புதிதாக யாரையும் நியமிக்கவில்லை. ஏற்கனவே வீடு வீடாகப் போகும் அரச சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிரஷர் பார்க்கவும் ஆலோசனை சொல்லவும் அனுப்பினார்கள். எங்கள் நாட்டில் அது குடும்பநல உத்தியோகத்தர்கள். இரண்டு வருட முடிவில், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களை விட மேல் அழுத்தம் சராசரியாக 5 அலகு கூடுதலாகக் குறைந்திருந்தது. ஐந்து என்பது சிறிய எண்ணாகத் தெரியும். ஓர் ஊர் முழுவதற்கும் ஐந்து குறைந்தால் பக்கவாதத்தில் விழுகிறவர்களின் தொகையே மாறிவிடும்.

2018இல் வெளியான இன்னொன்று இலங்கையிலேயே, எங்கள் வைத்தியசாலை கிளினிக்குகளில் 700 பேரோடு நடந்தது. மூன்று மருந்துகளைப் பாதி அளவில் சேர்த்து ஒரே குளிசையாகக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 70 வீதமானவர்களின் பிரஷர் கட்டுக்குள் வந்தது, வழக்கமான முறையில் 55 வீதம். ஆக, இங்கே ஆராய்ச்சி முடியாது என்பதில்லை.

எங்களுக்கு அவகாசம்தான் இல்லை. 1981இல் இந்த நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 6.6 வீதம். 2012 குடிசன மதிப்பீட்டில் 12.4 வீதம்.

குடும்பநல உத்தியோகத்தர் | திங்கள், இரவு 9.05

என் வேலையைப் பற்றிப் பேசுகிறபடியால் எழுதுகிறேன்.

கொழும்பு வடக்கில் என் பகுதி. தோட்ட வரிசை வீடுகள், ஓர் அறைக்குள் மூன்று தலைமுறை. போன மாதம் பிறந்து பத்து நாளான பிள்ளையைப் பார்க்கப் போனேன். நிறுத்துப் பார்த்தேன், தாய்க்குப் பால் கொடுக்கும் முறை சொன்னேன், அட்டையில் எழுதினேன். திரும்பும்போது சீலைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "மிஸ், என்னையும் ஒருக்கால் பாருங்கள்." அந்தப் பிள்ளையின் பூட்டி. கால் இரண்டும் வீங்கி, கணுக்காலில் விரலை வைத்தால் குழி விழுகிறது. எவ்வளவு காலம் என்று கேட்டேன். "தைப்பொங்கலில் இருந்து" என்றார். நான் அந்த வீட்டுக்கு அதற்கிடையில் நான்கு தடவை போயிருக்கிறேன். கர்ப்பிணியைப் பார்க்கத்தான் போனேன். என் பதிவேட்டில் கர்ப்பிணிக்குப் பக்கம் இருக்கிறது, சிசுவுக்குப் பக்கம் இருக்கிறது, பூட்டிக்கு ஒரு வரியும் இல்லை.

1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியபோது எங்கள் ஊர்களில் செத்துக்கொண்டிருந்தவர்கள் தாய்மாரும் குழந்தைகளும். அவர்களுக்காகக் கட்டிய அமைப்பு இது, அதில் வென்றும் காட்டியிருக்கிறோம். இப்போது பிள்ளைகள் குறைந்து முதியவர்கள் கூடிவிட்டார்கள், பதிவேடு மட்டும் பழையதாகவே இருக்கிறது.

ஆனால் தம்பி, ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். பயிற்சி கொடுத்து இன்னுமொரு படிவத்தையும் எங்கள் பையில் திணித்துவிட்டு ஆராய்ச்சி முடிந்தது என்று போகாதீர்கள். எனக்கு ஏற்கனவே இருக்கும் வீடுகளை மாதத்துக்குள் சுற்றி முடிப்பதே பெரும்பாடு. ஆள் கூட்டுங்கள், பிரஷர் கருவி கொடுங்கள், நான் கண்டுபிடித்து அனுப்பும் பூட்டியைப் பார்ப்பதற்கு எதிர்முனையில் ஒரு கிளினிக் இருக்கட்டும். அதன் பிறகு என்னை அனுப்புங்கள், நான் விருப்பத்தோடு போவேன்.

ஸ்காபரோ மகன் | செவ்வாய், அதிகாலை 4.10

நான் கனடாவில். அம்மா பம்பலப்பிட்டியில் தனியாக. ஒரு முகவர் மூலம் பகல் நேரத்துக்குப் பராமரிப்பாளர் ஒருவரை வைத்திருக்கிறோம். நல்ல பெண், ஆனால் சிங்களம் மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குச் சிங்களத்தில் மீன் விலையும் பஸ் இடமும் கேட்க முடியும், அவ்வளவுதான். இருவரும் கையால் காட்டிப் பேசுகிறார்கள். காணொளியில் "எப்படியம்மா?" என்று கேட்டால் "நல்லாயிருக்கிறேன் ராசா" என்கிறார். உண்மையில் எப்படி இருக்கிறார் என்று நான் இங்கிருந்து அறிய வழி உண்டா?

தெஹிவளை ஆசிரியர் | செவ்வாய், காலை 8.30

எனக்கு 74 வயது. இவ்வளவு நேரமும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்களில் ஒருவராவது பேச வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு கிளினிக்கில் எனக்கு ஞாபகசக்திப் பரிசோதனை செய்தார்கள். கேள்விகள் சிங்களத்தில். நான் மலையகத்தில் படிப்பித்தவன், சிங்களம் ஓரளவு விளங்கும், ஆனால் பரீட்சை எழுதும் அளவுக்கு அல்ல. பக்கத்தில் நின்ற சிற்றூழியர் ஒருவர் தமிழில் சொல்லி உதவினார். பாவம், அவர் தனக்கு விளங்கிய மாதிரிச் சொன்னார். மூன்று சொற்களை ஞாபகம் வைக்கச் சொன்னபோது அவர் ஒரு சொல்லை முதல் தடவை ஒருவிதமாகவும் அடுத்த தடவை வேறுவிதமாகவும் சொன்னார். எனக்குப் புள்ளி குறைந்தது. கொப்பியில் ஏதோ எழுதினார்கள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மனைவி நான் அடுப்பை மூடினேனா என்று எனக்குப் பின்னால் போய்ப் பார்க்கிறாள்.

முப்பது வருடம் பரீட்சைத் தாள் தயாரித்தவன் நான். தாள் பிழையாக இருந்தால் மாணவனுக்குப் புள்ளி குறைக்கக் கூடாது. உலகம் முழுக்கப் பயன்படும் அந்த முப்பது புள்ளிப் பரிசோதனை 1975இல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஓர் ஐந்து எழுத்து ஆங்கிலச் சொல்லைப் பின்னாலிருந்து எழுத்துக்கூட்டச் சொல்லும் கேள்வி அதில் இருக்கிறது. தமிழில் "உலகம்" என்ற சொல்லைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் அது வேறு கேள்வி. எங்கள் எழுத்து உயிரும் மெய்யும் கூடி நிற்பது, சுலபமும் கடினமும் மாறிவிடும். பள்ளிக்கூடமே போகாத ஓர் ஆச்சியிடம் எழுத்துக்கூட்டச் சொல்வதில் என்ன நியாயம்?

1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழி என்று எழுதியாகிவிட்டது. முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2000இல் வந்தது, பிள்ளைகள் பார்க்காவிட்டால் முறையிடப் பராமரிப்புச் சபையும் அதில் உண்டு. என் பிள்ளைகள் என்னை நன்றாகப் பார்க்கிறார்கள். எனக்கு வேண்டியது, நெஞ்சு எப்படி வலிக்கிறது என்று என் பாஷையில் கேட்கும் ஒரு மனிதர். குத்துகிறதா, அடைக்கிறதா, எரிகிறதா, பிசைகிறதா என்பதில்தான் நோயே இருக்கிறது.

ஆய்வு மாணவன் | செவ்வாய், மாலை 6.45

ஐயா, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அந்தப் பிழையைத் திருத்தவே ஒரு பெரிய ஆய்வுக் குழு உருவானது. அதற்குப் பெயரே 10/66. மறதி நோயுள்ளவர்களில் 66 வீதமானோர் எங்களைப் போன்ற நாடுகளில் இருந்தார்கள், ஆனால் ஆராய்ச்சியில் 10 வீதத்துக்கும் குறைவே எங்களைப் பற்றியது. அந்தக் குழு, படிப்பறிவு இல்லாதவர்களையும் பிழையாக நோயாளியாக்காத ஒரு முறையை உருவாக்கி, பல நாடுகளில் சோதித்துப் பார்த்தது. சென்னையும் வேலூரும் அதில் இடம்பெற்றன, அங்கே அது தமிழில் கேட்கப்பட்டது. இங்கே றாகமைப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரைப் பார்த்து 2003இல் வெளியான கணக்கெடுப்பில், ஏறத்தாழ 4 வீதமானோருக்கு மறதி நோய் இருந்தது. கொழும்பில் வாழும் தமிழ் முதியவர்களைத் தமிழில் கேட்டுச் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. என் ஆய்வை அப்படி அமைக்க முடியுமா என்று மேற்பார்வையாளரிடம் இன்று காலை கேட்டேன்.

ஸ்காபரோ அண்ணாவுக்கு: "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்காதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட முதியோர் பராமரிப்புக் கைநூலில் ஓர் எளிய சோதனை இருக்கிறது. கைப்பிடியைப் பிடிக்காமல், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, கதிரையிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். 14 விநாடிக்குள் முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அதைக் கிளினிக்கில் சொல்ல வேண்டும். பராமரிப்பாளர் பக்கத்தில் பிடிக்கத் தயாராக நிற்கட்டும், நீங்கள் அங்கிருந்து மணிக்கூட்டைப் பாருங்கள். இதற்கு எந்தப் பாஷையும் தேவையில்லை. உடுப்பும் மோதிரமும் தளர்ந்துவிட்டனவா, மூன்று மாதத்தில் நிறை குறைந்ததா என்றும் பாருங்கள்.

மருந்தகத்தில் நிற்பவன் | செவ்வாய், இரவு 10.15

இதுவரை யாரும் குளிசையைப் பற்றிப் பேசவில்லை.

நேற்று ஓர் ஐயா ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார், என்னென்ன மருந்து முடிந்தது என்று பார்த்துத் தரும்படி. மேசையில் கொட்டினோம். அரச கிளினிக்கில் கொடுத்த கடதாசி உறைகள், தனியார் வைத்தியர் எழுதிய அட்டைகள், லண்டனிலிருந்து மகள் அனுப்பிய போத்தல். பிரஷருக்கான லொசாட்டன் இரண்டு கம்பனிப் பெயரில், இரண்டையும் தினமும் குடித்துக்கொண்டிருந்தார். ஒன்று வெள்ளை, ஒன்று பச்சை, ஆகவே அவருக்கு அவை இரண்டு மருந்து. எழும்பும்போது தலை சுற்றுகிறது என்றார். அந்தச் சுற்றுக்கு மூன்றாவதாக ஒரு வைத்தியர் இன்னொரு குளிசை எழுதியிருந்தார். பிழை எந்த வைத்தியருடையதும் இல்லை. ஒவ்வொருவரும் தன் கொப்பியை மட்டும்தான் பார்த்தார்.

வீடுகளில் தூக்கத்துக்கென்று கொடுக்கும் பிரிட்டன் (Piriton) குளிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தடிமனுக்கு வாங்கும் அந்தச் சிறிய மஞ்சள் குளிசை வயதானவர்களுக்குக் குழப்பத்தையும், மலச்சிக்கலையும், சலம் அடைப்பதையும் கொண்டுவரும். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று மார்க் பியர்ஸ் என்ற வைத்தியரின் குழு 1991இல் வெளியிட்ட அட்டவணை இன்றுவரை புதுப்பிக்கப்படுகிறது. இவ்வகை மருந்துகளும் அதில் இருக்கின்றன, தூக்க மாத்திரையான டயசிபாமும் இருக்கிறது, சீனி வருத்தத்துக்கான கிளிபென்கிளமைட்டும் இருக்கிறது. கடைசியாகச் சொன்னது வயதானவர்களுக்குச் சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடும்.

இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம். சிலவற்றைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. டின்னை அப்படியே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

வெள்ளவத்தை மகள் | புதன், காலை 7.30

இரவே அம்மாவின் குளிசைகளைக் கொட்டிப் பார்த்தேன். பதினொரு வகை. பச்சையும் வெள்ளையுமாக எங்கள் வீட்டிலும் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்தது. மஞ்சள் குளிசையும் இருந்தது. தும்மலுக்கென்று நான் வாங்கியது, தூக்கம் வருகிறது என்று அம்மா அதை விடாமல் குடித்து வந்திருக்கிறார். காய்ச்சலுக்கு முன்பே. எனக்குத் தெரியவில்லை. எங்கள் தொடர்மாடிக்குக் கீழே இருக்கும் வைத்தியரிடம் காலையிலேயே தொலைபேசியில் கேட்டேன். லொசாட்டனில் ஒன்று போதும், மஞ்சளை நிறுத்தலாம், மிச்சத்தைக் கிளினிக்கில் பேசுங்கள் என்றார்.

தாதி அக்கா சொன்னபடி காதுக் கருவிக்குப் புதிய மின்கலம் போட்டேன். போட்டதும் அம்மா மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். "இது இவ்வளவு சத்தமா?" என்றார். மூன்று கிழமையில் அம்மா சொன்ன, பொருத்தமான முதல் வசனம் அது.

கொட்டாஞ்சேனை வாசி | புதன், மாலை 5.55

இரண்டு நாளாக ஒன்று மனதில் ஓடுகிறது. முதுகு தடவ இங்கே யார் வருவார் என்று கேட்டேன் அல்லவா? அப்பா வார்டில் கிடந்த பதினொரு நாளும் நான் எங்கே இருந்தேன்? கேட்டுக்கு வெளியே. காலையில் சுடுதண்ணீர்ப் பிளாஸ்க்கோடு வந்து, பார்வையாளர் நேரம் வரும்வரை நடைபாதையில் நிற்பேன். என்னோடு அறுபது எழுபது பேர். மகன்மார், மருமகள்மார், அயலவர்கள். உள்ளே அப்பாவுக்குத் தண்ணீர்க் குவளையை எட்டி எடுக்க முடியவில்லை, வெளியே நான் தண்ணீரோடு நிற்கிறேன். காவலாளியைக் குறை சொல்லவில்லை, அவர் சட்டத்தைத்தான் பார்க்கிறார்.

தம்பி, அந்த அமெரிக்க வைத்தியசாலைக்குத் தேவைப்பட்ட ஆட்கள் எங்கள் கேட்டடியில் நிற்கிறார்கள். அதை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?

ஆய்வு மாணவன் | புதன், இரவு 8.40

அண்ணா, ஆராய்ந்திருக்கிறார்கள். சீனாவின் செங்டு நகரில், ஒரு பெரிய வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை விடுதிகளில், யேல் முறையை அப்படியே எடுக்காமல் குடும்பத்தவர்களைச் சேர்த்து மாற்றி அமைத்தார்கள். தாதி சொல்லிக்கொடுப்பார், மகனோ மகளோ செய்வார். 70 வயதுக்கு மேற்பட்ட 281 பேர். டெலிரியம் வழக்கமான கவனிப்பில் 19.4 வீதம், குடும்பத்தவர் சேர்ந்த குழுவில் 2.6 வீதம். 2020இல் வெளியானது. நான் அதைப் படித்திருக்கிறேன், குறிப்பும் எடுத்திருக்கிறேன், ஆனால் எங்கள் கேட்டடியோடு சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை. நீங்கள் சொன்ன பிறகுதான் உறைத்தது.

ஓய்வுபெற்ற தாதி | புதன், இரவு 9.50

ஆளை உள்ளே விட்டால் மட்டும் போதாது. பார்வையாளர்கள் கூடினால் கிருமி பரவும், பெண்கள் விடுதியில் ஆண்கள் இரவில் நிற்க முடியாது, உறவினர் ஒருவரும் இல்லாத ஆச்சிக்கு யார் என்ற கேள்வி எழும். ஆகவே ஒரு நோயாளிக்கு ஒருவர், பெயர் எழுதிய அட்டையோடு, கை கழுவி, செய்ய வேண்டியதைக் கேட்டறிந்து வர வேண்டும். பல வார்டுகளில் பொறுப்புத் தாதியிடம் தன்மையாகக் கேட்டால் துணைக்கு ஒருவருக்கு அனுமதி கொடுப்பார்கள். கேட்கத் தெரியாமல் வெளியே நிற்பவர்களே அதிகம்.

அனுமதி கிடைத்தவர் கட்டிலடியில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தால் பயனில்லை. காலையில் கண்ணாடி, பல், காதுக் கருவி. "இன்று புதன்கிழமை, காய்ச்சலுக்காக வந்திருக்கிறோம், நான் உங்கள் மகள்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும். மணிக்கொரு தடவை நாலு மிடறு தண்ணீர், குடிக்கக் கூடாத நோய் என்றால் தவிர. சாப்பாட்டைக் கதிரையில் இருத்திக் கொடுக்க வேண்டும், படுக்க வைத்து ஊட்டக் கூடாது. வைத்தியர் சம்மதித்தால் மலகூடத்துக்கு நடத்திக் கூட்டிப் போக வேண்டும். குழாய் போட்டிருந்தால், "இது இன்னும் தேவையா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டும். கோபமாக அல்ல, ஆனால் ஒவ்வொரு நாளும். பக்கத்துக் கட்டில் ஆச்சிக்கும் அந்தத் தண்ணீரில் நாலு மிடறு கொடுக்கலாமா என்று தாதியிடம் கேட்டுப் பாருங்கள்.

தெஹிவளை ஆசிரியர் | வியாழன், காலை 6.40

எங்கள் பகுதி முதியோர் சங்கத்தில் இருபத்திரண்டு பேர். தம்பி, உங்கள் மேற்பார்வையாளர் சம்மதித்தால் அங்கே வாருங்கள். கேள்விகளை எழுதி முடித்துவிட்டு வராதீர்கள், எழுதும்போதே வாருங்கள். தமிழ் வசனங்களை நான் திருத்தித் தருகிறேன். வருகிறவர்களில் எட்டுப் பேருக்குப் போன வருடம் விழுந்த அனுபவம் உண்டு, நானே கேட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆய்வு மாணவன் | வியாழன், காலை 7.05

வருகிறேன் ஐயா. விழுவதைப் பற்றியே தொடங்கலாம். 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு மீளாய்வில், சமநிலைப் பயிற்சியும் எழுந்து உட்காருதல் போன்ற அன்றாட அசைவுப் பயிற்சியும் விழுவதை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைப்பதாகத் தெரிந்திருக்கிறது. சங்க மண்டபத்தில் கைப்பிடியில்லாத கதிரைகள் இருக்கின்றனவா?

தெஹிவளை ஆசிரியர் | வியாழன், காலை 7.20

பன்னிரண்டு இருக்கின்றன. மிச்சத்தைக் கோயிலில் இரவல் வாங்கலாம்.

வெள்ளவத்தை மகள் | வியாழன், இரவு 8.15

இன்று கிளினிக் நாள். பிஸ்கட் டின்னையும் நான்கு கொப்பிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். வைத்தியர் முதலில் கையைக் காட்டி மறுத்தார், வெளியே எழுபது பேர் இருந்தார்கள். நான் ஒரே ஒரு வசனம்தான் சொன்னேன்: "மூன்று கிழமைக்கு முன்பு இவர் தனியாக நடந்து கோயிலுக்குப் போனார்." அவர் பேனையை வைத்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பதினொன்று ஏழாகியது. உடற்பயிற்சி சிகிச்சைக்குத் துண்டு எழுதித் தந்தார், அடுத்த செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து கதிரையை ஜன்னலடியில் போட்டேன். ஐந்து தடவை எழ முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை எழுந்தார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, நான் சொல்லாமலே, இன்னொரு தடவை. கால் நடுங்கியது. கடல் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கீரை வாங்கினாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஓய்வுபெற்ற தாதி | வியாழன், இரவு 8.40

செருப்பு எப்படி? பின்பக்கம் வாரில்லாத செருப்பென்றால் நாளைக்கே மாற்றுங்கள் மகள். நடக்கத் தொடங்கும்போதுதான் விழுவார்கள்.

வெள்ளவத்தை மகள் | வியாழன், இரவு 8.52

வார் இல்லை அக்கா. நாளைக் காலை கடை திறந்ததும் வாங்குகிறேன்.